வீட்டுக் கொல்லையில் சூரியகாந்தி: பூத்தால் போதாது, மணி பிடிக்க வேண்டும்

கடையம், ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர் பகுதிகளில் வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று செண்ட் நிலம் உள்ள சிறு விவசாயிகள் பலர் உண்டு. கத்தரி, வெண்டை, மிளகாய், இரண்டு எலுமிச்சை, நாலு தென்னை என்று அந்த இடம் பயன்பட்டு வருகிறது. அழகுக்காக அதன் ஓரத்தில் ஒன்றிரண்டு சூரியகாந்தியும் நிற்பதுண்டு. பூ தாம்பாளம் போல் விரிகிறது. பார்த்தவர்கள் மெச்சுகிறார்கள். காய்ந்த பிறகு உதிர்த்துப் பார்த்தால் ஓரத்தில் நாலு வரிசை மணி இருக்கிறது. நடுவில் எல்லாம் பொக்கு. "விதை சரியில்லை" என்றும், "நம் மண்ணுக்கு இது ஒத்துவராது" என்றும் சொல்லி அதோடு விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலும் குற்றம் விதையிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை வட்டாரங்களில் ஆடி மாதத்தில் சூரியகாந்தி வயல் வயலாகப் பூத்து நிற்பதையும், அதைக் காணக் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருவதையும் நாம் அறிவோம். அந்த மண்ணில் விளைவது நம் கொல்லையில் ஏன் விளையாது? பூத்திருக்கும் பத்து நாட்களில் செய்ய வேண்டிய ஒரு வேலையை நாம் செய்வதில்லை. காரணம் அதுதான்.

பயிர் வந்த கதை

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. அதை எண்ணெய்ப் பயிராக வளர்த்து எடுத்தவர்கள் ரஷ்யர்கள். 1969ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிலிருந்து பெரடோவிக், அர்மாவிர்ஸ்கி முதலிய ரகங்கள் நம் நாட்டுக்குத் தருவிக்கப்பட்டன. குட்டையாக வளர்ந்து 75 முதல் 80 நாட்களில் அறுவடைக்கு வரும் மார்டன் ரகம் பின்னர் பரவியது. 1980ல் பெங்களூரிலிருந்து பி.எஸ்.எச்.1 என்ற முதல் இந்திய வீரிய ஒட்டு ரகம் வெளிவந்தது. 1986ல் எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கிய பின் பரப்பு வேகமாக ஏறி, 1993-94ல் நாடு முழுவதும் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் வரை போயிற்று.

அதன் பிறகு இறங்குமுகம். இறக்குமதி எண்ணெய் மலிவாக வந்தது, விளைச்சல் உயரவில்லை, கிளித் தொல்லையும் நோயும் சேர்ந்துகொண்டன. இப்போதைய பரப்பு அந்த உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது. நம் அடுப்படிக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கே. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதும் இங்கே பலசரக்குக் கடையில் எண்ணெய் விலை ஏறியதை எந்தக் குடும்பமும் மறந்திருக்காது. வீட்டுக் கொல்லையில் விளைவது நாட்டின் தட்டுப்பாட்டைத் தீர்த்துவிடாது. ஆனால் ஒரு வீட்டின் செலவில் கொஞ்சம் குறைக்கும்.

மணி ஏன் பிடிப்பதில்லை?

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூ அல்ல. அது நூற்றுக்கணக்கான, நல்ல கொண்டையானால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட, சிறு பூக்களின் கூட்டம். வெளியே மஞ்சளாக விரியும் இதழ்ப் பூக்கள் மணி பிடிக்காதவை. வண்டுகளையும் தேனீக்களையும் அழைப்பதே அவற்றின் வேலை. நடுவட்டத்தில் உள்ள சிறு பூக்களே மணியாகின்றன. அவை எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நாளுக்கு ஒன்றிரண்டு வளையமாக மலர்ந்து முடிய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும்.

ஒவ்வொரு சிறு பூவிலும் முதலில் மகரந்தம் வெளிவருகிறது. சூல்முடி விரிந்து அதை ஏற்கும் பக்குவம் அதற்குப் பிறகே வருகிறது. மேலும், பல ரகங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் சரியாகச் சேர்வதில்லை. பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். வீரிய ஒட்டு ரகங்களில் இந்தக் குறை ஓரளவு குறைவு. என்றாலும் அவற்றிலும் தேனீ வந்தால் மணி கூடும். மகரந்தம் சற்றுக் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் போலக் காற்று மட்டும் இந்த வேலையைச் செய்து முடிக்காது. தேனீ செய்ய வேண்டும், அல்லது நாம் செய்ய வேண்டும்.

கொல்லை ஓரத்தில் தனியாக நிற்கும் ஒற்றைச் செடி ஏன் பொக்காகிறது என்பது இப்போது விளங்கும்.

இடமும் பட்டமும்

செடிகளை வேலி ஓரத்தில் ஒற்றை வரிசையாக வைக்காமல், ஒரே இடத்தில் சதுரமாக நெருக்கி வையுங்கள். 1 செண்ட் நிலமே போதும். இடம் குறைவானால் நாலு வரிசையில் வரிசைக்கு ஐந்து செடியாவது இருக்கட்டும்.

கிழக்கு வெயில் தடையின்றி விழும் இடமாகப் பார்க்க வேண்டும். இளம் செடியும் மொட்டும்தான் சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பும். பூ விரிந்து முற்றிய பின் அது கிழக்கு நோக்கியே நின்றுவிடும். கிழக்கு பார்த்த கொண்டை காலையில் சீக்கிரம் சூடேறுவதால், மேற்கே திருப்பி வைத்த கொண்டையைவிடப் பல மடங்கு தேனீக்கள் அதை நாடி வருகின்றன என்று 2016ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடையம் பகுதியில் மேற்கே மலை. மாலை வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். ஆகவே காலை வெயிலை விடக்கூடாது. வீட்டுச் சுவருக்கோ தென்னைக்கோ மேற்குப் பக்கத்தில் சூரியகாந்தியை வைக்காதீர்கள்.

தென்காசி வயல்களில் சித்திரை, வைகாசியில் விதைத்து ஆனி, ஆடியில் பூக்கவிடுவது வழக்கம். மலையடிவாரத்தில் அந்த மாதங்களில் காற்று கடுமையாக இருக்கும், சாரலும் உண்டு. சாரலில் மகரந்தம் நனைந்து வீணாகும், தேனீயும் வெளியே வராது, உயரமான செடி சாயும். ஆகவே மலையை ஒட்டிய கொல்லைகளுக்கு மார்கழிப் பட்டமே ஏற்றது. மார்கழி நடுவில் விதைத்தால் மாசியில் பூக்கும், பங்குனியில் அறுவடையாகும். கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். காயப்போடவும் நல்ல வெயில் கிடைக்கும்.

விதையும் விதைப்பும்

கோ 4, கோ.எஸ்.எப்.வி 5 போன்ற பல்கலைக்கழக ரகங்களை வாங்கினால் அடுத்த தடவைக்கு நாமே விதை எடுத்து வைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த மணியை விதையாகப் பயன்படுத்தினால் செடிகள் ஒன்றுபோல் வராது, விளைச்சலும் குறையும். விதை இருப்பு பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம். அறுத்த கையோடு புது மணியை விதைக்க வேண்டாம். சுமார் ஒன்றரை மாதம் அதற்கு உறக்க காலம் உண்டு, சரியாக முளைக்காது.

நிலத்தை ஒரு அடி ஆழம் கொத்திப் புழுதியாக்குங்கள். 1 செண்டுக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம் இட்டுக் கலக்க வேண்டும். ரசாயன உரம் இடுவதானால் 1 செண்டுக்கு சூப்பர் பாஸ்பேட் ஒன்றரை கிலோ, பொட்டாஷ் கால் கிலோ, யூரியா 200 கிராம் அடியுரமாகப் போதும். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள கந்தகச் சத்து எண்ணெய் வித்துக்கு நல்லது. இன்னொரு 200 கிராம் யூரியாவை 30ஆம் நாள் களை எடுத்தபின் மேலுரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். மண் அணைத்த செடி எளிதில் சாயாது.

விதையைப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இரண்டடிக்கு ஒரு பாரும் பாரில் ஒரு அடிக்கு ஒரு குழியுமாக ஊன்றுங்கள். 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். குழிக்கு இரண்டு விதை. பத்தாம் நாள் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம். இந்தக் கணக்கில் 1 செண்டில் 200க்கு மேற்பட்ட செடி நிற்கும். எறும்பும் அணிலும் விதையைத் தோண்டித் தின்னும். முளைத்து வரும் வரை காய்ந்த பனை ஓலையோ முள்ளோ பரப்பி வைப்பது நல்லது.

விதைத்தவுடன் ஒரு தண்ணீர், நாலைந்தாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு எட்டுப் பத்து நாட்களுக்கு ஒரு முறை. மொட்டுக் கட்டும்போதும், பூக்கும்போதும், மணி பால் பிடிக்கும்போதும் மண் காயவே கூடாது. அதற்காகத் தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது; வேர் அழுகும்.

பத்து நாள் வேலை

வெளி இதழ்கள் விரியத் தொடங்கும் தருணத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துக் கொண்டைமேல் தெளியுங்கள். முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொண்டால் நன்றாகக் கரையும். மணி பிடிப்பதற்கும் நிறைவதற்கும் இது உதவும். அளவைக் கூட்ட வேண்டாம். போரான் அதிகமானால் செடி கருகும்.

அடுத்தது கையால் மகரந்தம் சேர்ப்பது. காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் இதைச் செய்ய வேண்டும். உள்ளங்கையில் மெல்லிய மல் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கொண்டையை மெதுவாகத் தடவி, அதே கையால் அடுத்த கொண்டையைத் தடவிக்கொண்டே போங்கள். அல்லது பக்கத்துப் பக்கத்துச் செடிகளின் கொண்டைகளை முகத்தோடு முகம் வைத்து லேசாக உரசி விடலாம். அழுத்தித் தேய்த்தால் சூல்முடி நசுங்கிவிடும். குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போல் இருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து முறை. 200 செடிக்குக் காலையில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே ஆகலாம். ஐம்பது ஏக்கர்க்காரர் இதைச் செய்ய ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகாது. கொல்லைக்காரருக்குக் கட்டுபடியாகும்.

இதை நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாலு கொண்டைகளில் நூல் கட்டி அவற்றைத் தடவாமல் விட்டுவிடுங்கள். அறுவடையில் அவற்றிலிருந்தும் தடவிய கொண்டைகளிலிருந்தும் நூறு நூறு மணி எடுத்து விரலால் நசுக்கி, எத்தனை பொக்கு என்று எண்ணுங்கள். உங்கள் கொல்லையில் தேனீ போதுமா போதாதா என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும். இரண்டும் சமமாக இருந்தால் அடுத்த ஆண்டு தடவ வேண்டாம். தேனீ உங்களுக்காக வேலை செய்கிறது என்று பொருள்.

தேனீயைக் காப்போம்

வயலுக்கு ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி என்பது கணக்கு. வீடுகள் நெருங்கிய தெருவில் ஒரே ஒரு பெட்டி நாலைந்து கொல்லைகளுக்கு உதவும். சூரியகாந்திக்கு வரும் தேனீ பக்கத்துப் பூசணி, பாகல், எலுமிச்சைப் பூக்களுக்கும் போகும். பெட்டியில் தேனீ வளர்ப்பது நமக்குத் தூரத்து வித்தையல்ல. 1920களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிலையம் அதைச் சிறு விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. குமரி மாவட்டத்தில் இன்றும் அது ஒரு வீட்டுத் தொழில். 1991-92ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவில் ஏராளமான இந்தியத் தேனீக் குடும்பங்கள் அழிந்தன. அப்போது தேனீ இல்லாத குறை என்ன என்பதைத் தோப்புக்காரர்கள் கண்டார்கள்.

பூத்திருக்கும் நாட்களில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். பக்கத்துக் கொல்லையில் கத்தரிக்கோ வெண்டைக்கோ மருந்து அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தள்ளிப்போட முடியாவிட்டால், தேனீ கூடு திரும்பிய பின் அந்திப்பொழுதில் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு காலை மருந்து அடித்தால் இரண்டு மாத உழைப்பு பொக்காகிவிடும். கொண்டையைத் துளைக்கும் பச்சைப் புழுவைக் கையால் பொறுக்கி எடுத்து அழிக்கலாம். 200 செடியில் இது பெரிய வேலையல்ல. இலைகளைத் தத்துப்பூச்சி தாக்கினால், பூப்பதற்கு முன்பே வேப்பங்கொட்டைக் கரைசலை 5 சதவீத அளவில் தெளித்துக்கொள்ளலாம்.

நோயும் கிளியும்

1997ல் கர்நாடகத்தின் பாகேபள்ளி பகுதியில் முதலில் காணப்பட்ட கருகல் வைரஸ் நோய் பல மாவட்டங்களில் சூரியகாந்தியைக் கைவிடச் செய்தது. இலையும் காம்பும் தண்டும் கருகி, கொண்டை கோணி, மணியே பிடிக்காது. இலைப்பேன் இதைப் பரப்புகிறது. நோய் தங்கியிருக்கும் இடம் பார்த்தீனியச் செடி. ஆகவே விதைப்பதற்கு முன்பே கொல்லையிலும் வேலி ஓரத்திலும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். இரண்டு வாரம் முந்திச் சுற்றிலும் இரண்டு வரிசை சோளம் விதைத்தால் இலைப்பேனுக்கு அது தடையாகும். கிழக்குப் பக்கச் சோளத்தை மட்டும் சற்றுத் தள்ளி விதைத்தால் நிழல் விழாது. கருகிய செடியை வைத்துக்கொண்டு பரிதாபப்படாமல் உடனே பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

மணி முற்றும்போது கிளி வரும். கொல்லையில் இதற்கு எளிய வழி உண்டு. பழைய கொசுவலைத் துணியையோ மெல்லிய வேட்டித் துணியையோ பையாகத் தைத்துக் கொண்டைமேல் கட்டிவிடலாம். நடுவட்டப் பூக்கள் எல்லாம் மலர்ந்து முடிந்து இதழ்கள் வாடிய பிறகே கட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகக் கட்டினால் கிளியோடு தேனீயையும் விரட்டியதாகும்.

மலையடியில் மயிலும் காட்டுப்பன்றியும் தொல்லை தருவது உண்மை. அதற்காகக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். இருட்டில் அதை மிதிப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வீட்டை ஒட்டிய இடத்தில் பயிரிட்டால் ஆள் நடமாட்டமே பாதி காவல்.

அறுவடையும் கணக்கும்

கொண்டையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறியதும் அறுக்கலாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்துத் தடியால் தட்டி மணியைப் பிரியுங்கள். ஈரத்தோடு குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். மணியை மீண்டும் வெயிலில் காயவைத்து, கடித்தால் நொறுங்கும் பதம் வந்ததும் சேமிக்கலாம்.

நன்றாக மணி பிடித்தால் 1 செண்டுக்கு 6 கிலோ எதிர்பார்க்கலாம். ஆட்டினால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 கிலோ எண்ணெய். 2 செண்ட் பயிரிட்டால் சிறு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வரும். ஆண்டு முழுவதும் எண்ணெய் வாங்க வேண்டாம் என்று யாரும் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஆனால் மூன்றில் ஒரு மணி பொக்கானால் இந்த 6 கிலோ 4 கிலோவாகிவிடும். உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அந்தப் பத்து நாள் வேலையில்தான்.

சில கிலோவை மட்டும் கொண்டுபோனால் செக்கில் தனியாக ஆட்டித் தருவது கஷ்டம். தெருவில் நாலைந்து வீட்டார் ஒரே பட்டத்தில் விதைத்து மணியை ஒன்றுசேர்த்து ஆட்டினால் இந்தச் சிக்கல் தீரும். பூக்கும் காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொல்லைகளுக்கிடையே மகரந்தமும் கலக்கும். எண்ணெயைத் தெளியவைத்து, வெளிச்சம் படாமல் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். நல்லெண்ணெய் போல நெடுநாள் தாங்காது. புண்ணாக்கும் மணி உதிர்த்த கொண்டையும் மாட்டுக்கு ஆகும். தண்டை நறுக்கி எருக்குழியில் போடலாம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் சூரியகாந்தியே போடாமல், உளுந்தோ காய்கறியோ மாற்றிப் போடுவது நோயைக் குறைக்கும்.

வரும் மார்கழியில் 1 செண்ட் விதைத்துப் பாருங்கள். மாசியில் பூத்ததும் ரசித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்பது மணிக்குக் கையில் மல் துணியைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். பங்குனியில் முறத்தில் விழும் மணி அதற்குக் கூலி கொடுக்கும்.